உருளையைப் பின்னே தள்ளுவதா, முன்னே கொண்டுவருவதா?

டைவிங் பலகையின் பக்கவாட்டில் ஒரு சக்கரம் இருக்கும். குனிந்து கையால் திருக வேண்டியதில்லை. ஈரக்காலை அதன் விளிம்பில் பதித்து உருட்டினால் போதும். உருட்ட உருட்ட, பலகைக்கு அடியில் குறுக்கே கிடக்கும் உருளை முன்னோ பின்னோ நகரும். அது ஓடும் தடத்தின் ஓரத்தில் 1 முதல் 9 வரை எண்கள் பொறித்திருக்கும். ஒலிம்பிக் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, வீரர்கள் பலகையில் ஏறியதும் ஒரு காலால் எதையோ உருட்டுவதையும், குனிந்து எட்டிப் பார்த்து மீண்டும் ஒரு சிறு உருட்டு உருட்டுவதையும் கவனித்திருப்பீர்கள். குதிப்பின் தலைவிதி பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

நான் பயிற்சி பார்க்கும் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பதின்மூன்று வயது, 42 கிலோ எடை. மூத்தவர்கள் உருளையை நன்றாகப் பின்னே தள்ளிவிட்டுக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் நான் திரும்பிய நேரத்தில் அதே இடத்துக்கு உருட்டிவிட்டாள். மூன்று எட்டு நடந்தாள், ஒற்றைக்காலில் எழும்பினாள், நுனியில் இரண்டு காலும் இறங்கின. பலகை அப்போது மேலே வந்துகொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் மடங்கின. நீரில் முதுகுதான் முதலில் விழுந்தது. கரையேறியபோது தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை சிவந்திருந்தது. அழவில்லை. "மாஸ்டர், எனக்கு எந்த எண் சரி?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு அன்று இரண்டே வரியில் பதில் சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்த உருளையைக் குளத்தில் எல்லாரும் ஃபல்க்ரம் என்றுதான் சொல்வோம். பலகையின் பின்முனை கீலில் பூட்டப்பட்டிருக்கிறது; நடுப்பகுதி உருளைமேல் படிந்திருக்கிறது; மீதி நீருக்கு மேல் நீண்டிருக்கிறது. உருளையைப் பின்னே தள்ளினால் நீண்டிருக்கும் பகுதி கூடும், பலகை தளரும். முன்னே கொண்டுவந்தால் அது குறையும், பலகை விறைக்கும். உருளை நகர்வது மொத்தமே ஏறக்குறைய இரண்டு அடிதான். ஆனால் அந்த இரண்டு அடிக்குள் ஒரே பலகை இரண்டு வேறு பலகைகளாகிவிடும்.

காரணம் எளிய கணக்கு. பலகை முழுவதும் ஒரே கனத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நுனியில் ஒரே பாரத்தை ஏற்றும்போது அது எவ்வளவு தாழும் என்பது நீண்டிருக்கும் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மீட்டர் நீண்டிருப்பதை 3.3 மீட்டர் ஆக்கினால் நீளம் பத்து சதவீதம்தான் கூடுகிறது. தாழ்வோ 21 சதவீதம் கூடிவிடுகிறது. உண்மைப் பலகை இரு முனைகளிலும் இழைத்து மெலிந்திருப்பதால் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. சக்கரத்தைக் கால்விரலால் ஒரு நூல் உருட்டினாலும் பழகிய கால் அதை உணர்ந்துவிடுவது இதனால்தான்.

பலகை எதையும் இனாமாகத் தருவதில்லை

தளர்ந்த பலகை உயரமாகத் தூக்கி எறியும் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் நம்புகிறார்கள். அது அப்படியல்ல என்பதை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு மணல் மூட்டையை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலிருந்து பலகையின் நுனியில் போடுவதாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ மூட்டை, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. பலகையின் விறைப்பு மீட்டருக்கு 6,000 நியூட்டன் என்று கொண்டால், மூட்டை அதை 41 செ.மீ. அமுக்கும், தொட்டது முதல் விட்டுப் பிரிவது வரை 0.38 விநாடி ஆகும். உருளையைப் பின்னே தள்ளி விறைப்பை 5,000 ஆக்கினால் தாழ்வு 47 செ.மீ., நேரம் 0.42 விநாடி. மூட்டை திரும்பி எழும்பும் உயரம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: எந்த உயரத்திலிருந்து விழுந்ததோ அந்த உயரம். பலகைக்குள் உரசலில் போகும் சிறு இழப்பைக் கழித்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பலகை ஆற்றலை உண்டாக்குவதில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் தளர்த்துவதால் லாபம் எங்கிருந்து வருகிறது? அந்த நூறில் நான்கு பங்கு விநாடியிலிருந்து வருகிறது. மணல் மூட்டைக்கு இல்லாத ஒன்று மனிதனுக்கு இருக்கிறது, கால். பலகை கீழே போய்க்கொண்டிருக்கும்போதே முழங்காலையும் இடுப்பையும் நிமிர்த்தி அதை மேலும் அமுக்கலாம். கைகளை வீசி எழுப்பி இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றலாம். அப்படிக் கூடுதலாகச் செலுத்திய உழைப்புதான் மேலே போகும்போது உயரமாகத் திரும்பி வருகிறது. தசைக்கு ஒரு குணம் உண்டு: மெதுவாகச் சுருங்கும்போது அதிக பலம் காட்டும், வேகமாகச் சுருங்க வேண்டியிருந்தால் பலம் குறையும். நின்றுவிட்ட லாரியைத் தள்ளும்போது உடம்பின் முழு பலமும் இறங்குகிறது. ஓடத் தொடங்கிய சைக்கிளைத் தள்ளினால் கை பின்தங்கிவிடுகிறது. தளர்ந்த பலகை கால்களுக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் செய்ய வேலை இருப்பவருக்கு அது வரம். வேலை இல்லாதவருக்கு வெறும் காத்திருப்பு.

இன்னொரு வகையிலும் சொல்லலாம். 6,000 விறைப்புள்ள பலகையை ஒருவர் 60 செ.மீ. அமுக்கிவிட்டால் அதில் 1,080 ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். 60 கிலோ உடலை 1.8 மீட்டர் தூக்க அது போதும். பலகை மட்டத்துக்கு மேலே 1.2 மீட்டர் கிடைக்கும். ஆனால் 41 செ.மீ. வரை கொண்டுபோவது விழும் வேகம். மீதி 19 செ.மீ. தாழ்வு முழுக்கக் காலின் சம்பாத்தியம்.

தளர்வின் பக்கம்

காலில் பலம் உண்டு, காத்திருக்கத் தெரியும் என்றால் தளர்வு உயரம் தருகிறது. அந்த உயரத்தின் மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இத்தனை பேர் ஏன் அதன்பின்னே ஓடுகிறார்கள் என்பது புரியும். 3 மீட்டர் பலகையிலிருந்து 1.2 மீட்டர் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் 1.42 விநாடி. 1.3 மீட்டர் எழும்பினால் 1.45. பத்து செ.மீ. உயரத்துக்குக் கிடைப்பது நூறில் மூன்று விநாடிதான். அற்பமாகத் தெரியும். ஆனால் இரண்டரைக் குட்டிக்கரணம் என்பது 900 பாகை, அதை 1.2 விநாடியில் முடிப்பவர் அந்த நூறில் மூன்று விநாடிக்குள் 22 பாகை சுழன்றுவிடுவார். செங்குத்தாக நீருக்குள் நுழைவதற்கும் 22 பாகை சாய்ந்து தண்ணீரை வாரி இறைப்பதற்கும் நடுவர் அட்டையில் எவ்வளவு வேறுபாடு என்பது ஒருமுறை பார்த்தவருக்கே தெரியும்.

1 மீட்டர் பலகையில் இந்தப் பசி இன்னும் கூடுதல். அங்கே 1.2 மீட்டர் எழும்பினாலும் மொத்தம் 1.16 விநாடிதான் கையிருப்பு. உலகச் சாம்பியன் போட்டிகளில் 1991 முதல் 1 மீட்டர் தனிப் பிரிவாக இருக்கிறது, ஒலிம்பிக்கில் இல்லை. அதனால் சிலர் அதைக் குழந்தைகள் பலகை என்று நினைக்கிறார்கள். கால்பலமும் தாளமும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும் பலகை அதுதான் என்பது என் கருத்து. 3 மீட்டரில் நேரம் மிச்சமிருப்பதால் மறைந்துபோகும் பிழை இங்கே மறையாது.

தளர்வுக்கு இன்னொரு விளைவும் உண்டு. இதைப் பலரும் யோசிப்பதில்லை. பலகை தாழும்போது நுனி கிடைமட்டமாக இருப்பதில்லை, முன்னோக்கிச் சரிகிறது. சீரான பலகை என்று கொண்டு கணக்கிட்டால் 60 செ.மீ. தாழ்வுக்கு ஏறக்குறைய 14 பாகைச் சரிவு, 80 செ.மீ. தாழ்ந்தால் 19 பாகை. சரிந்த தளம் உடலை நேரே மேலே தள்ளாது. மேலேயும் வெளியேயும் தள்ளும். ஓரளவு இது பாதுகாப்பு, ஏனென்றால் தலை பலகையிலிருந்து விலகிப்போகிறது. அளவு மீறினால் உயரமாக வேண்டியது தூரமாகக் கரைந்துவிடும். நடுவர் அதையும் குறிப்பார்.

விலை என்ன? முதல் விலை நடை. உருளை மிகவும் பின்னே இருந்தால் நடக்கும்போதே பலகை அலையத் தொடங்கிவிடும். நடப்பவரின் தாளம் ஒன்று, பலகையின் தாளம் ஒன்று என்று இரண்டும் பிரிந்தால் நுனிக்குப் போவதற்குள் உடல் தள்ளாடிவிடும். இரண்டாவது, காலம் தவறுதல். ஒற்றைக்காலில் எழும்பிக் காற்றில் இருக்கும் அந்த நேரத்தில் பலகை தன்பாட்டுக்கு மேலும் கீழும் அதிர்ந்துகொண்டிருக்கும். அது கீழே இறங்கும்போது கால் பட்டால் பலகை அணைத்துக்கொள்ளும். மேலே வரும்போது பட்டால் உதறிவிடும். என் மாணவிக்கு நேர்ந்தது அதுதான். மூன்றாவது, பலகை கீழே போய்த் திரும்பும் வரை பொறுக்காமல் அவசரப்பட்டுக் குதித்துவிடுவது. அப்படிச் செய்தால் சேர்த்து வைத்த ஆற்றலில் பாதி பலகையிலேயே தங்கி, ஆள் போன பிறகு அது தனியே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே போதும், குதித்தவர் எவ்வளவை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இறுக்கத்தின் பக்கம்

விறைத்த பலகையில் நடை தரையில் நடப்பதுபோல் இருக்கும். எழும்பும்போது கால் ஏமாற்றாது. தாழ்வு குறைவு, சரிவு குறைவு, திரும்பும் வேகம் அதிகம். துரிதமான கால் உடையவர்கள், குறைந்த நேரத்தில் வெடிப்பதுபோல் பலம் காட்டுகிறவர்கள், இயல்பிலேயே அவசரத் தாளம் உள்ளவர்கள் எல்லாரும் இதில் நன்றாகவே எழும்புவார்கள். இவர்களைத் தளர்ந்த பலகையில் நிறுத்துவது, வேகமாகப் பாடுகிறவரை விளம்ப காலத்தில் பாடச் சொல்வது போன்றது.

கெடுதி எங்கே என்றால், கணுக்காலிலும் முழங்காலிலும் முதுகிலும். அதே வேகத்தைக் குறைந்த தூரத்தில் நிறுத்தித் திருப்ப வேண்டுமானால் உடல் தாங்கும் உச்ச விசை கூடத்தான் செய்யும். ஒரு குதிப்பில் தெரியாது. நாளுக்கு நூறு குதிப்பு, வாரத்துக்கு ஆறு நாள் என்று ஓடும்போது தெரியும். வளரும் வயதுப் பிள்ளைகளை நாள் முழுவதும் விறைத்த பலகையில் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அத்தோடு, விறைத்த பலகையில் நுனி அதிகம் சரியாது என்பதால் உடல் நேரே மேலே போக வாய்ப்பு கூடுதல். முன்னோக்கி எழும்பிப் பலகையின் பக்கமே பின்னோக்கிச் சுழலும் ரிவர்ஸ் வகைக் குதிப்பில் இது கவனிக்க வேண்டிய விஷயம். 1988 சியோல் ஒலிம்பிக்கின் 3 மீட்டர் தகுதிச் சுற்றில் கிரெக் லூகானிஸ் ரிவர்ஸ் இரண்டரைச் சுற்றுக் குதிப்பில் தலையைப் பலகையில் இடித்துக்கொண்டதை உலகமே பார்த்தது. அந்தத் துறையில் அவரைவிடச் சிறந்த கலைஞர் அன்று யாருமில்லை. தலையில் தையல் போட்டுக்கொண்டு மீதிக் குதிப்புகளை முடித்தார். அடுத்த நாள் தங்கமும் வென்றார். உருளை தவறான இடத்தில் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. போதுமான அளவு வெளியே போகாமல் நேரே மேலே போய்விட்டார். அவருக்கே அது நேரும் என்றால், நம் பிள்ளைகள் ரிவர்ஸ் பழகும் நாளில் உருளை எங்கே இருக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது பயிற்சியாளரின் கடமை.

எடை சொல்வது ஒன்று, கால் சொல்வது ஒன்று

ஒரு ஆளோடு சேர்ந்து பலகை ஆடும் தாளத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஆளின் எடை, பலகையின் விறைப்பு. எடையை விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் தாளத்தின் நீளம் அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 75 கிலோ ஆள் 6,000 விறைப்பில் உணரும் தாளத்தையே 50 கிலோ ஆளும் உணர வேண்டுமானால் விறைப்பு 4,000 ஆக இறங்க வேண்டும். ஆகவே எடை குறைந்தவர் உருளையைப் பின்னே தள்ள வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. 30 கிலோ குழந்தைக்கு உருளையைக் கடைசி வரை தள்ளினாலும் அந்தத் தாளம் கிடைக்காது. அவளுக்கு அந்தப் பலகை எப்போதுமே சற்று விறைப்புதான்.

அப்படியானால் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் தளர்த்திவிட வேண்டியதுதானே? இங்கேதான் கணக்கும் குளமும் மோதிக்கொள்கின்றன. எடை குறைந்த பிள்ளை பெரும்பாலும் பழகாத பிள்ளையும்கூட. அவளுக்கு முதலில் வேண்டியது நிதானம். தாளம் அதற்குப் பிறகு. நடுவில் சற்று இறுக்கமாக வைத்து, நடையும் ஒற்றைக்கால் எழும்பலும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் படிந்த பிறகு, அரை எண், அரை எண்ணாகப் பின்னே தள்ளுவதையே நான் கடைப்பிடிக்கிறேன். வேறு பயிற்சியாளர்கள் முதல் நாளிலிருந்தே தளர்த்திவிடுகிறார்கள். பலகையோடு போகக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. இறுக்கத்திலேயே நெடுநாள் பழகிய பிள்ளைக்குப் பொறுமை வராமலே போகும் ஆபத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பயந்துபோன பிள்ளையைத் திரும்பப் பலகைக்குக் கொண்டுவர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் பார்த்திருப்பதால் என் வரிசையை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதைவிட எப்போது தள்ளுகிறோம் என்பதே அதை உயர்த்துகிறது. பாட்டி ஒரு விரலால் தள்ளினாலும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஊஞ்சல் விட்டத்தைத் தொடும். முரட்டுப் பையன் நேரம் கெட்டுத் தள்ளினால் குலுங்கி நின்றுவிடும். ஆகவே எண்ணைத் தேடும்போது நான் பார்ப்பது உயரத்தை அல்ல. பிள்ளையின் இயல்பான தாளத்தில் பலகை வந்து சேர்கிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். உயரம் பின்னால் தானே வரும்.

பின்புறம் திரும்பி நிற்கும்போது

மேலே சொன்னதெல்லாம் நடந்துவந்து குதிப்பதற்கு. நுனியில் பின்புறம் திரும்பி, முன்பாதத்தில் மட்டும் நின்று, குதிகால் காற்றில் தொங்க எழும்பும் குதிப்புக்கு அந்த எண் அநேகமாகப் பொருந்தாது. இங்கே விழுந்து வரும் வேகம் என்ற மூலதனமே இல்லை. கை வீச்சும் கால் அழுத்தமும் மட்டும்தான். குறைந்த உழைப்புக்கு அதிகத் தாழ்வு வேண்டும் என்று பார்த்தால் தளர்த்தத் தோன்றும். ஆடும் நுனியில் குதிகால் இல்லாமல் நிற்க வேண்டுமே என்று பார்த்தால் இறுக்கத் தோன்றும். என் நாளில் எனக்கு முன்புறக் குதிப்பைவிட ஒரு எண் இறுக்கம் தேவைப்பட்டது. என்னோடு பழகியவனுக்கு நேர் எதிர். இதைப் பிறர் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. கையைத் தூக்கி இறக்கும் வேகத்தோடு பலகை ஒத்துவருகிறதா, கணுக்கால் நடுங்குகிறதா என்று ஒவ்வொரு எண்ணாக நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டியில் பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் உருளையை நகர்த்திக்கொள்ளலாம். இந்த உரிமையைப் பயன்படுத்தாமல் ஒரே எண்ணில் எல்லாவற்றையும் குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இருவர் சேர்ந்து குதிக்கும்போது

2000 சிட்னி ஒலிம்பிக் முதல் இருவர் சேர்ந்து குதிக்கும் பிரிவு உண்டு. ஒத்திசைவுக்கென்றே தனி நடுவர்கள் அமர்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண் வைத்துவிட்டால் நியாயமாகிவிடும் என்று நினைப்பது தவறு. ஒருவர் 60 கிலோ, மற்றவர் 50 கிலோ என்றால் இருவருக்கும் ஒரே தாளம் கிடைக்க விறைப்பு 6-க்கு 5 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கனமானவருக்குப் பலகை 3 மீட்டர் நீண்டிருந்தால், எடை குறைந்தவருக்கு 3.29 மீட்டர். 29 செ.மீ. என்பது உருளை நகரும் மொத்தத் தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி. ஆகவே ஒரே எண், ஒரே உருவம் என்று பார்க்காமல் ஒரே நேரம் என்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் மெதுவாக ஓடும் படம் எடுத்து, இருவர் காலும் பலகையைத் தொடும் கணத்தையும் விடும் கணத்தையும் சட்டம் சட்டமாக எண்ணிப் பார்த்தால் யாருடைய உருளையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண்ணை நம்புவதற்கு முன்

வெளியூர்ப் போட்டி ஒன்றில் ஒருமுறை என் பழைய எண்ணை வைத்து ஏறினேன். முதல் குதிப்பிலேயே பலகை என்னைப் பின்னால் இழுப்பதுபோல் இருந்தது. குதிகாலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். காரணத்தை மாலையில்தான் கண்டுபிடித்தோம்: நுனி ஒரு பொட்டு மேலே தூக்கியிருந்தது. உருளை எந்த இடத்தில் இருந்தாலும் பலகையின் முன்முனை மட்டமாக இருக்க வேண்டும் என்பது விதி. மேலே தூக்கிய நுனி உடலைப் பலகைப் பக்கமே தள்ளும். அன்றிலிருந்து என் பையில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. புதுக் குளத்துக்குப் போனால் முதல் வேலை, உருளையை இரு கோடிக்கும் நடுவுக்கும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் நுனியில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பது. குமிழி நடுவில் நிற்காவிட்டால் பொறுப்பாளரிடம் சொல்லிச் சரிசெய்யும் வரை என் பிள்ளைகளை ஏற்றமாட்டேன்.

எண் என்பது அந்தப் பலகைக்கும் அந்தத் தாங்கிக்கும் மட்டுமே உரியது. கீலின் போல்ட்டு தளர்ந்திருந்தாலும், உருளை தேய்ந்திருந்தாலும், பலகையே வேறு ரகமாக இருந்தாலும் ஊரில் 5 என்பது இங்கே 6-ஆக உணரும். முதல் பத்து நிமிடத்தைக் குதிக்காமல் வெறும் துள்ளலுக்கு ஒதுக்கினால் இதைக் கால் சொல்லிவிடும்.

பலகை வாங்க வேண்டியவர்களுக்கு ஒரு சொல்

குளம் கட்டுகிறவர்கள் அவ்வப்போது கேட்பதால் இதையும் சேர்க்கிறேன். உருளை நிலையாகப் பொருத்தப்பட்ட பலகை விலை குறைவு, பராமரிப்பு குறைவு. பொழுதுபோக்குக் குளத்துக்கு அது போதும். அதில் 30 கிலோவும் 80 கிலோவும் ஒரே விறைப்பில்தான் குதிக்க வேண்டும். பயிற்சி என்று ஒன்று நடக்க வேண்டுமானால் நகரும் உருளை இல்லாமல் முடியாது. போட்டி விதியும் குதிப்பவரே எளிதில் நகர்த்தக்கூடிய உருளையைத்தான் கேட்கிறது, பலகை 4.8 மீட்டருக்குக் குறையாமலும் அரை மீட்டர் அகலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

நூறாண்டுக்கு முன் பலகைகள் மரம்தான். வழுக்காமல் இருக்க மேலே தேங்காய் நார்ப் பாய் விரித்திருப்பார்கள். விமானப் பொறியாளரான ரேமண்ட் ரூட் அலுமினியத்தில் வடித்த டியூராஃப்ளெக்ஸ் பலகை 1960 ரோம் ஒலிம்பிக்கில் இடம்பிடித்த பிறகு மரம் ஒதுங்கிவிட்டது. இன்று அதே குடும்பத்தின் மேக்ஸிஃப்ளெக்ஸ் பலகையில் நுனியில் துளைகள் இருக்கும். நுனியின் பாரமும் காற்றின் தடையும் குறைந்து பலகை விரைந்து திரும்பும். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் குளத்துக்கு அதை வாங்குங்கள். கற்கத் தொடங்கும் பிள்ளைகளே அதிகம் என்றால் துளையில்லாத பழைய ரகமே நிதானம் தரும்; மிச்சப் பணத்தில் நல்ல தாங்கியை வாங்கலாம். சுமாரான பலகையும் உறுதியான தாங்கியும் சேர்ந்தால் பயிற்சி நடக்கும். ஆடும் தாங்கிமேல் எந்தப் பலகையை வைத்தும் பயனில்லை.

சிவந்த முதுகோடு கேள்வி கேட்டவளுக்கு வருகிறேன். மறுநாள் உருளையை நடுவுக்குக் கொண்டுவந்து, இன்று குதிப்பு கிடையாது, நடை மட்டும் என்றேன். மூன்று வாரம் நடந்தாள். பிறகு அரை எண் பின்னே தள்ளினோம், நேரே கால் நீட்டி விழும் எளிய துள்ளல் மட்டும். பத்து நாள் கழித்து இன்னும் அரை எண். அடுத்த அரை எண்ணில் நடையின் கடைசி எட்டு கோணத் தொடங்கியது. உடனே திரும்பி வந்துவிட்டோம். இப்போது அவள் தன் நோட்டில் ஒரு பக்கத்தைக் கட்டம் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறாள்: தேதி, எடை, எந்தப் பலகை, எந்த எண், கால் என்ன சொன்னது. கடைசிக் கட்டத்தில் நேற்று எழுதியிருந்தது: "பலகை எனக்காகக் காத்திருந்தது." பின்புறக் குதிப்புக்கான பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அதைத் திங்கட்கிழமை தொடங்குகிறோம், நடு எண்ணிலிருந்து.